ரொட்டிக்காரர் ஹாரனுக்கு ரோசி இன்னும் எழுகிறாள்

வாசகர் கடிதம்:

எனக்கு 64 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பால் எடுக்கும் வேலை பார்த்தேன். மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகு வேலையை விட்டு, பட்டணத்து மலிவுவிலை வீட்டில் ஒன்பது வயதுப் பேத்தியோடு இருக்கிறேன். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் நாய்க்குட்டியாகக் கிடந்த ரோசியை எடுத்து வளர்த்தேன். விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்காட்டுக்குப் போகும்போது எனக்கு முன்னால் ஓடுவாள். இப்போது அவளுக்கு 11 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பின்மடியில் ரப்பர் கொட்டை அளவில் ஒரு கட்டி இருந்தது. வலி இல்லையே என்று விட்டுவிட்டேன். இப்போது மங்குஸ்தீன் பழம் அளவுக்கு வளர்ந்து, உடைந்து, நீர் வடிகிறது. ஈப்போவில் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, புற்று நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார். அவர் கொடுத்த வலி மருந்து ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. நாம் காய்ச்சலுக்குப் போடும் பனடோல் (பாரசிட்டமால்) பாதி கொடுக்கலாமா? சேமநிதிப் பணத்தில் 4,000 வெள்ளி மிச்சம் இருக்கிறது. செர்டாங் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கீமோ கொடுத்தால் பிழைப்பாளா? பக்கத்து வீட்டுக்காரர் பாம்புப் புல் சாறு கொடுக்கச் சொல்கிறார். இன்னொருவர், செம்பனைக் காட்டில் விட்டுவிடு, தானாக முடிந்துவிடும் என்கிறார். தூரத்தில் இருக்கும் மகன், ஊசி போட்டு உயிரை முடித்துவிடச் சொல்கிறான். கோயிலில் கேட்டால் அது பாவம் என்கிறார்கள். பேத்திக்குத் தொற்றிக்கொள்ளுமோ என்றும் பயம். சாயங்காலம் ரொட்டிக்காரர் ஹாரன் கேட்டால் ரோசி இன்னும் எழுந்து வாசல் வரை போகிறாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி ஊசி போடச் சொல்வேன்?

கால்நடை மருத்துவரின் பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: பனடோல் கொடுக்காதீர்கள். இந்தப் பதிலைப் படிப்பதற்குள் கொடுத்திருந்தால், எத்தனை மாத்திரை, எந்த நாள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஈப்போ மருத்துவரிடம் சொல்லுங்கள். மனிதருக்கு ஒத்துக்கொள்ளும் அளவு நாயின் ஈரலுக்கு ஒத்துக்கொள்ளாது. முட்டி வலிக்கு நாம் விழுங்குகிற ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகள் இன்னும் மோசம். சில மாத்திரைகளே நாயின் வயிற்றில் இரத்தப் புண் உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடக்கூடும். பாசத்தால் கொடுத்த மாத்திரையால் இரத்த வாந்தியோடு வந்த நாய்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி, வலி மருந்து தீர்ந்துவிட்டது என்பதுதான். புற்று நுரையீரலுக்குப் போன செய்தியை நான் எதிர்பார்த்துத்தான் படித்தேன். உடைந்த கட்டியோடு ஒரு நாய் மருந்தில்லாமல் படுத்திருப்பதை எதிர்பார்க்கவில்லை. நாளைக் காலையில் கிளினிக்கைக் கூப்பிடுங்கள். "இவளுக்கு இனி நாள்தோறும் வலி மருந்து வேண்டும், இடையில் தீரக் கூடாது" என்று இதே சொற்களில் கேளுங்கள். நாய்களுக்கென்றே மெலோக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்ற மருந்துகள் இருக்கின்றன. எடை பார்த்து அளவு சொல்வார்கள். சோறு சாப்பிட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும். சிறுநீரகமும் ஈரலும் தாங்குமா என்று ஓர் இரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னால் அந்தச் செலவுக்குத் தயங்காதீர்கள். மருந்து கொடுத்த நாளில் வாந்தி எடுத்தாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ, சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாலோ அடுத்த வேளையை நிறுத்திவிட்டு அவரை அழையுங்கள். அந்த மருந்து மட்டும் போதாத நாளில் கபாபென்டின் போன்ற இன்னொன்றைச் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. அதை மருத்துவர் முடிவு செய்வார்.

அவள் முனகவே இல்லையே, வலி இருக்குமா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். தோட்டத்து நாய் முனகாது. காட்டுப்பன்றி கிழித்த தொடையோடு மூன்று மைல் நடந்து வீட்டுக்கு வந்து, வாசலில் வாலை ஆட்டிய நாய் எங்கள் வீட்டில் இருந்தது. வலியை வேறு இடத்தில் பார்க்க வேண்டும். வெயில் இறங்கிய பிறகும், ஓடாமல் ஆடாமல் படுத்திருக்கும்போதும் மூச்சிரைக்கிறாளா? ஒரே இடத்தில் படுக்க முடியாமல் இரவெல்லாம் இடம் மாற்றுகிறாளா? கட்டியை ஓயாமல் நக்குகிறாளா? எப்போதும் படுக்கிற பக்கத்தை விட்டு மறுபக்கமாகவே படுக்கிறாளா? பேத்தி தொட்டால் முதுகைக் கூனிக்கொண்டு விலகுகிறாளா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வலி இருக்கிறது.

இனி செர்டாங் விஷயம். புத்ரா மலேசியாப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை நல்ல இடம். அங்கே போனால் ஏமாற்றிவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரோசிக்கு வந்தது வேறு வகைப் புற்றாக இருந்திருந்தால் நானே உங்களைப் புறப்படச் சொல்லியிருப்பேன். நிணநீர்க் கணுக்களில் வரும் லிம்போமாவை மருந்தில்லாமல் விட்டால் ஒன்றிரண்டு மாதத்தில் கதை முடிந்துவிடும். பல மருந்துகள் சேர்ந்த கீமோ கொடுத்தால் ஏறக்குறைய ஓர் ஆண்டு நல்லபடியாக ஓடியாடும் நாய்கள் நிறைய உண்டு. தெரு நாய்களுக்கு இனச்சேர்க்கையில் தொற்றுகிற ஒரு கட்டி இருக்கிறது. பார்க்கக் கோரமாக இருக்கும், இரத்தம் சொட்டும். அதற்கு வாரம் ஒரு வின்கிறிஸ்டின் ஊசி, நான்கு முதல் ஆறு வாரம் போட்டால் பெரும்பாலான நாய்கள் முழுக்கக் குணமாகிவிடும். ஆகையால் புற்று என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாம் முடிந்தது என்று ஒருவரும் நாயைக் கைவிட வேண்டாம். என்ன வகைப் புற்று, எங்கே போயிருக்கிறது என்று கேட்ட பிறகுதான் முடிவு.

ரோசியின் நிலை வேறு. மடியில் தொடங்கிய புற்று நுரையீரலில் இறங்கிவிட்டால், அதைத் திருப்பி அனுப்பும் மருந்து இன்று எங்களிடம் இல்லை. கீமோ கொடுத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கிடைப்பது கொஞ்சம், அதுவும் நிச்சயமில்லை. நாய்களுக்குக் கொடுக்கும் கீமோ மனிதர்களுக்குக் கொடுப்பது போல உடம்பைப் போட்டு உருக்குவதில்லை. நாங்கள் குறைந்த அளவில்தான் கொடுக்கிறோம். எனவே கொடுமை என்று சொல்லி நான் தடுக்கவில்லை. பேராக்கிலிருந்து சிலாங்கூருக்கு நெடுஞ்சாலையில் பல மணி நேரம், அறிமுகமில்லாத கூண்டு, ஒவ்வொரு தடவையும் இரத்தம் எடுத்தல், நாயை ஏற்றிக்கொள்ளும் வண்டிக்கு நீங்கள் அலைகிற அலைச்சல் என்று இத்தனையையும் ஒரு தட்டில் வைத்தால், மறுதட்டில் வைக்க என்னிடம் எதுவும் இல்லை. போக வேண்டாம் அம்மா. அந்த 4,000 வெள்ளியில் ஒரு பகுதி, அவள் இருக்கும் வரை வலி மருந்துக்கும் புண்ணுக்கும் போதும். மிச்சம் உங்களுக்கும் பேத்திக்கும் வேண்டும்.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டு ஒரு பெரியவர், மாட்டுத் தொழுவத்தில் வேலை பார்த்தவர், இதே போன்ற கட்டியோடு தம் நாயைக் கொண்டுவந்தார். படத்தில் நுரையீரல் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். எனக்கு அறுவை செய்ய வேண்டும் என்ற ஆசை. ஒரு பக்க மடி முழுவதையும் எடுத்தேன். தையல் அழகாக விழுந்தது. நாய் கிளினிக்கின் பின்கட்டில், கம்பிக் கூண்டில், ஐந்தாம் நாள் இறந்தது. அந்த ஐந்து நாளும் பெரியவர் சாயங்காலம் வேலை முடிந்து, ஒரு மைலோ டின்னில் சோறு பிசைந்து எடுத்து வருவார். கூண்டைத் திறக்க விடவில்லை, தையல் பிரிந்துவிடும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். கம்பி இடுக்கில் ஒற்றை விரலை விட்டு அதன் நெற்றியைத் தடவிக்கொண்டு நிற்பார். சோறு அப்படியே திரும்பிப் போகும். அந்த நாய் தன் கடைசி ஐந்து நாளை அவர் வாசலில் கழித்திருக்க வேண்டும். அதைக் கெடுத்தவன் நான். அன்று முதல் படத்தில் புள்ளியைப் பார்த்ததும் கத்தியை எடுக்கும் வேகம் எனக்குப் போய்விட்டது.

அதற்காகக் கத்தியே வேண்டாம் என்றும் இல்லை. ஈப்போ மருத்துவரிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள்: "உடைந்த கட்டியை மட்டும் எடுத்துவிட்டால் இவளுக்குச் சுகமாக இருக்குமா?" குணமாக்குவதற்கு இல்லை, வடிவதும் நாறுவதும் நிற்பதற்காக. ரோசி நன்றாகச் சாப்பிட்டு, மூச்சு சீராக விட்டு, கட்டி தோலோடு அசைகிறதாக இருந்தால் சிலருக்கு அது பயன்படும். மடி முழுதும் சிவந்து, கொதித்து, பலகை போல இறுகியிருந்தால் தொடவே கூடாது. மயக்க மருந்தை அவள் நுரையீரல் தாங்குமா என்பதை அவளை நேரில் பார்த்தவர்தான் சொல்ல முடியும். அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

புண்ணைப் பார்த்துக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது. இதில்தான் அவளுடைய பாதிச் சுகம். ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து, தலைதட்டிய அளவில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு ஆற விடுங்கள். கை பொறுக்கும் வெதுவெதுப்பில், காலையும் மாலையும், சுத்தமான துணியை நனைத்துப் புண்ணின் மேல் பிழிந்து பிழிந்து ஓடவிடுங்கள். தேய்க்காதீர்கள். அந்தச் சதை தொட்டாலே இரத்தம் கசியும். பிறகு ஒட்டாத வகைக் கட்டுத்துணியை வைத்து, அதன் மேல் பேத்தியின் பழைய பருத்திச் சட்டை ஒன்றைப் போட்டுவிடுங்கள். முன்கால்கள் இரண்டும் கைகளில் நுழைய வேண்டும். சட்டையின் அடிப்பகுதியை இடுப்புக்கு மேலே சேர்த்துப் பிடித்து, முதுகில் ஒரு ரப்பர் வளையம் போட்டால் நழுவாது. கட்டி பின்மடியில் இருப்பதால் சட்டை நீளமாக இருக்கட்டும். சிறுநீர் கழிக்கும்போது மட்டும் அவிழ்த்துவிடுங்கள். இரண்டு மூன்று சட்டைகள் மாற்றுக்கு வேண்டும். நனைந்த சட்டை அப்படியே கிடந்தால் தோல் வெந்துவிடும்.

நம் ஊர் வெக்கையில் புண்ணைத் திறந்து போட்டால் ஒரே நாளில் ஈ முட்டையிட்டுவிடும். உயிருள்ள சதையையே துளைத்துத் தின்கிற புழுவை வைக்கும் ஈ ஒன்று நம் நாட்டில் உண்டு. கம்பத்தில், அதாவது கிராமப் பக்கம், மாடுகளுக்கும் அது வரும். புண்ணுக்குள் ஏதாவது நெளிவது தெரிந்தாலோ, வாடை திடீரென்று மாறினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். தோட்டத்தில் நாம் பார்த்துப் பழகிய மண்ணெண்ணெய், பினாயில், பழைய எஞ்சின் எண்ணெய் எதுவும் வேண்டாம். அவை புழுவைக் கொல்லலாம். கூடவே சதையையும் எரித்துவிடும், அவள் அதை நக்கி விழுங்கவும் செய்வாள். பகலில் கொசுவலை போட்ட இடத்திலோ மின்விசிறிக் காற்றிலோ படுக்க வையுங்கள். காற்றோட்டத்தில் ஈ உட்காராது. வாடை தாங்க முடியவில்லை என்றால் மெட்ரோனிடசோல் மருந்தைப் பற்றிக் கேளுங்கள். வாடையைக் கிளப்பும் கிருமிகளை அது அடக்கும். வாடைக்காக அவளை வீட்டுக்கு வெளியே கட்ட நேரிடாமல் இருப்பது அவளுக்கும் பெரிது, உங்களுக்கும் பெரிது.

பாம்புப் புல் பற்றிக் கேட்டீர்கள். சபா பாம்புப் புல்லும் துரியான் பெலாண்டா (முள் சீத்தா) இலையும் இல்லாத வீட்டு வேலியை நம் பட்டணத்தில் பார்ப்பது அரிது. சோதனைக் குழாயில் ஏதோ செய்தது என்பதும், ஒரு நாயின் நுரையீரலில் இருக்கும் புற்றைக் கரைத்தது என்பதும் வேறு வேறு. இரண்டாவதற்கு இன்று வரை ஆதாரம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் மனம் நல்லது; அவரிடம் கோபப்படாதீர்கள். ஆனால் கசப்புச் சாற்றை வாயைப் பிளந்து ஊற்றினால், நாளைக்கு உங்கள் கையில் கிண்ணத்தைப் பார்த்ததும் ரோசி கட்டிலடியில் ஒளிவாள். வலி மருந்து கொடுக்க வேண்டிய கை அது. அந்தக் கையின் மேல் அவளுக்குள்ள நம்பிக்கையைச் செலவழிக்காதீர்கள்.

சாப்பாட்டில் விதி அதிகம் வேண்டாம். சோற்றை நிறுத்தினால் புற்று பட்டினி கிடக்கும் என்று சொல்வார்கள். அதற்கு முன்னால் ரோசிதான் பட்டினி கிடப்பாள். அவித்த கோழி, சோறு, முட்டை, அவித்த பூசணி, எது இறங்குகிறதோ அது. கொஞ்சம் சூடாக்கிக் கொடுத்தால் மணம் எழும்பும். நோயாளி நாய் மூக்கால்தான் சாப்பிடும். நெத்திலியை இரண்டு மூன்று முறை உப்புப் போகக் கழுவி, வேக வைத்த நீரைச் சோற்றில் ஊற்றிப் பாருங்கள். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு வேண்டாம். அது இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த கோழி எலும்பு வேண்டாம். பச்சை இறைச்சியும் இந்த நிலையில் வேண்டாம். ஒரே வேளையில் நிறைய வைக்காமல் நான்கு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள்.

பேத்திக்குத் தொற்றாது. இந்தப் புற்று நாயிடமிருந்து மனிதருக்கு வராது, இன்னொரு நாய்க்கும் வராது. கட்டிப்பிடிக்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதட்டும். புண்ணைக் கழுவுவது மட்டும் உங்கள் வேலை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்; முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

"வலி இல்லையே என்று விட்டுவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நீங்கள் இரண்டு முறை அடித்து எழுதியிருப்பது தாளில் தெரிகிறது. உண்மையை மறைத்து உங்களைத் தேற்ற எனக்கு விருப்பமில்லை. ரப்பர் கொட்டை அளவில் இருந்தபோது வந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கலாம். மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும்போதே எடுத்த கட்டிகள் பெரும்பாலும் நல்லபடியாக முடிகின்றன. நாயின் மடிக் கட்டிகளில் ஏறக்குறையப் பாதி புற்றே இல்லை. ஆனால் எது புற்று, எது இல்லை என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல எனக்கே முடியாது. உங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? தோட்டத்தில் மாட்டுக்கு வைத்தியம் உண்டு, நாய்க்கு ஏது? கருப்பையையும் சூலகத்தையும் நீக்கும் கருத்தடை அறுவை பற்றியும் உங்களிடம் ஒருவரும் பேசியிருக்க மாட்டார்கள். 1969-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, இனச்சேர்க்கைக்கான முதல் பருவத்துக்கு முன்பே அந்த அறுவை செய்த நாய்க்கு மடிப்புற்று வரும் ஆபத்து, நீக்காத நாயோடு ஒப்பிட்டால் 200-இல் ஒரு பங்குதான் என்றது. ஒரு பருவம் கடந்து செய்தால் 8 விழுக்காடு, இரண்டு பருவம் கடந்தால் 26 விழுக்காடு. அந்த எண்கள் எவ்வளவு உறுதியானவை என்று பின்னால் வந்தவர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். சீக்கிரம் செய்வது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இதை உங்களுக்காக எழுதவில்லை. உங்கள் கடிதத்தைப் படிக்கும் மற்ற வீடுகளுக்காக எழுதுகிறேன். பெட்டை நாய் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அதை மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றைச் சொறிவது போல, இரு வரிசை மடியையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கடைசி இரண்டு சோடிகளில்தான் அதிகம் வரும். பச்சைப்பயறு அளவில் நெருடினாலும் காட்டிவிடுங்கள். ரோசியைப் பொறுத்தவரை, 11 ஆண்டு உங்கள் கால்மாட்டில் படுத்து வளர்ந்தவள். அலட்சியத்தில் வளர்ந்த நாய் பெரட்டுக் களத்திலேயே செத்திருக்கும்.

செம்பனைக் காட்டில் விட்டுவிடச் சொன்னவருக்கு ஒரே பதில். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. சட்டம் இல்லாவிட்டாலும் அது கொடுமை. உடைந்த புண்ணோடு காட்டில் விட்ட நாய் எப்படிச் சாகும் என்பது மரம் வெட்டிய உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஊசி பாவமா என்ற கேள்விக்கு வருகிறேன். கோயிலில் சொன்னதை மறுக்க நான் சாத்திரம் படித்தவனல்லன். நான் பார்த்ததைச் சொல்கிறேன். நுரையீரலில் புற்று நிறைந்த நாய் தானாக இறக்கட்டும் என்று விட்டால், அது பெரும்பாலும் தூக்கத்தில் போவதில்லை. கழுத்தை நீட்டி, முழங்கைகளை அகற்றி உட்கார்ந்துகொண்டு, படுத்தால் மூச்சு அடைக்கிறது என்பதால் படுக்காமல், ஓர் இரவு, சில நேரம் இரண்டு இரவு அப்படியே இருக்கும். கண் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் விடியற்காலை என்னை எழுப்பி ஓடி வந்தவர்கள் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: "நேற்றே வந்திருக்க வேண்டும் டாக்டர்." அந்த ஊசியை என் கையால் போடுகிறவன் நான். அதைப் பாவமாக நான் ஒரு நாளும் உணர்ந்ததில்லை. தாமதித்த நாட்களில் மட்டும் உணர்ந்திருக்கிறேன்.

ஆனால் இன்றைக்குப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஹாரன் கேட்டு எழுந்து வாசல் வரை போகிறவளுக்கு நாள் இருக்கிறது. மகன் தூரத்தில் இருப்பதால் அவருக்குக் கட்டி மட்டும் தெரிகிறது, வாசல் வரை நடக்கிற ரோசி தெரியவில்லை. அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு அதைக் காட்டுங்கள்.

நாள் எப்போது வரும் என்று எப்படித் தெரியும்? சுவரில் தொங்கும் நாள்காட்டியில் ஒவ்வொரு இரவும் ஒரு குறி போடுங்கள். நல்ல நாளுக்கு வட்டம், கெட்ட நாளுக்குப் பெருக்கல் குறி. எது நல்ல நாள் என்பதை இப்போதே, மனம் தெளிவாக இருக்கும்போதே எழுதி வையுங்கள்: சோறு தின்றாள், தானாக எழுந்து போய்ச் சிறுநீர் கழித்தாள், ரொட்டிக்காரருக்கு எழுந்தாள், பேத்தி பள்ளியிலிருந்து வந்தபோது வாலை ஆட்டினாள். உங்கள் ரோசிக்கு எது ரோசித்தனமோ அது. ஒரு வாரத்தில் பெருக்கல் குறிகள் வட்டங்களுக்குச் சமமாக வந்தால் கிளினிக்கை அழைத்து நாள் கேளுங்கள். மனம் "நேற்று நன்றாகத்தானே இருந்தாள்" என்று சொல்லும்; நாள்காட்டி சொல்லாது. குறி போடும் வேலையைப் பேத்தியிடமும் கொடுக்கலாம். பிள்ளைகள் பொய் சொல்லாமல் போடுவார்கள்.

இன்னொரு கணக்கு. அவள் நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. நாய்க்கு வழக்கமாக 30-க்குள் இருக்கும். நாளுக்கு நாள் ஏறி 30-ஐத் தாண்டினால் நுரையீரல் திணறத் தொடங்கிவிட்டது. ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தோ நீலம் பாய்ந்தோ தெரிந்தால், அல்லது கழுத்தை நீட்டி உட்கார்ந்து மூச்சு வாங்கினால், நாள்காட்டியைப் பார்க்க வேண்டாம். அந்த நேரமே அழையுங்கள். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் யாரை அழைப்பது என்று இப்போதே கேட்டு எண்ணை எழுதி வையுங்கள். வண்டி தரக்கூடிய ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். நம் ஊரில் நாயை ஏற்ற வண்டி கிடைப்பது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். மருத்துவர் வீட்டுக்கே வருவாரா என்றும் கேட்டுப் பாருங்கள்.

அன்று என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் பயம் குறையும். முதலில் அமைதிப்படுத்தும் ஊசி. சில நிமிடத்தில் தலை உங்கள் மடியில் கனக்கும். பிறகு முன்கால் இரத்தக் குழாயில் பென்டோபார்பிட்டோன். அது மயக்க மருந்துதான், அளவு அதிகம். ஒன்றிரண்டு நிமிடத்தில் இதயம் நின்றுவிடும். கண் மூடாது, திறந்தபடியே இருக்கும். அதன் பிறகும் ஒரு பெருமூச்சு வரலாம், சிறுநீர் போகலாம். அது அவள் திரும்பி வருவதல்ல, வலிப்பதும் அல்ல. நீங்கள் பக்கத்தில் இருக்கலாம். இருக்க முடியவில்லை என்றால் அதுவும் குற்றமில்லை.

பேத்தியிடம் ரோசி தோட்டத்துக்குப் போய்விட்டாள் என்று சொல்லாதீர்கள். ஒன்பது வயதுக்கு அது பொய்யென்று தெரிந்துவிடும், பிறகு தோட்டத்துப் பக்கமே தேடும். தூங்க வைத்தோம் என்றும் வேண்டாம். நோய் குணமாகவில்லை, வலி அதிகமாகிவிட்டது, டாக்டர் மருந்து கொடுத்தார், இறந்துவிட்டாள் என்று சொல்லுங்கள். முன்னாலேயே சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு விடைபெற நேரம் கிடைக்கும்.

புதைக்க உங்கள் வீட்டில் மண் இல்லை. தோட்டத்தில் இடம் கேட்டால் நிர்வாகத்திடம் கேட்டே செய்யுங்கள். நான்கு அடி ஆழம் வேண்டும். பன்றியும் பியாவாக் என்னும் உடும்பும் தோண்டும். அந்த மருந்து உடம்பில் தங்கியிருப்பதால் தின்கிற விலங்கும் செத்துவிடக்கூடும். கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி இருக்கட்டும். இடம் கிடைக்காவிட்டால் கிளினிக்கிலேயே தகனத்துக்கு வழி கேட்கலாம்.

இதெல்லாம் பிறகு. நாளைக் காலையில் மருந்துக்குக் கூப்பிடுங்கள். சாயங்காலம் ரொட்டிக்காரர் வந்ததும் ஒரு வெறும் பன் வாங்குங்கள். உலர்ந்த திராட்சை வைத்தது வேண்டாம், அது நாய்க்கு ஆகாது. சோறு தின்று முடித்த பிறகு பன்னைக் கிள்ளி, நடுவில் மாத்திரையை வைத்து உருட்டி, வாசலிலேயே கொடுத்துவிடுங்கள். முதல் துண்டு மாத்திரை இல்லாமல் இருக்கட்டும்.